சும்மா இருப்பதற்கும் செலவு உண்டு!

'பையன் என்ன பண்றான்?' என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், எங்கள் அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, 'பாட்டரியில இருக்கான்' என்பார். அவ்வளவுதான். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். 'நல்லதாப் போச்சு! எங்க வீட்டு இன்வெர்ட்டர் பத்து நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது. டிஸ்டில்டு வாட்டர் எங்கே சல்லிசா கிடைக்கும்?' என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு பெரியப்பா ஒருபடி மேலே போய், தன் பழைய ஸ்கூட்டரையே எங்கள் வாசலில் கொண்டு வந்து நிறுத்திவிட்டார். செல்ஃப் எடுக்கவில்லையாம்.

நான் பார்க்கிற பாட்டரி வேலையே வேறு ஸார். டாக்டர் நம் விரலில் மாட்டுகிற கிளிப், மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவர் கையில் வைத்திருக்கிற பெட்டி, பஸ் கண்டக்டரின் டிக்கெட் மெஷின்... இப்படிக் கையகலக் கருவிகள் ஆயிரம் இருக்கின்றன. அவற்றுக்குள் ஓடுகிற கரண்டுக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பவன் நான். பாட்டரியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், யாருக்கு எவ்வளவு, எப்போது கொடுக்கக் கூடாது, எப்படித் திரும்ப நிரப்புவது என்று தீர்மானிக்கிற சர்க்யூட்டைப் போட வேண்டும். பவர் மேனேஜ்மென்ட் என்று பந்தாவாக ஒரு பெயர். நம் பாஷையில் சொன்னால், மாதச் சம்பளக்காரனின் குடும்ப பட்ஜெட்.

காலையில் ஃபுல் சார்ஜ் என்பது ஒன்றாம் தேதி. ராத்திரி ஒன்பது மணி என்பது முப்பதாம் தேதி. நடுவில் கைமாற்று வாங்க வழி கிடையாது. உங்கள் சம்பளம் எதில் தீர்ந்துபோகிறது என்று ஒரு மாசம் எழுதிப் பாருங்கள். தீபாவளிப் பட்டுப்புடவை தனியாகத் தெரியும். அதற்கு முன்கூட்டியே சேர்த்து வைத்திருப்பீர்கள். ஆளைக் கவிழ்ப்பது தினசரி இரண்டு டீ, ஒரு வடை, வண்டி நிறுத்த பத்து ரூபாய், எப்போதோ சேர்ந்து மறந்துபோன ஏதோ ஒரு மாதச் சந்தா. 'எங்கே போச்சுன்னே தெரியலையே' என்கிறோமே, அங்கேதான் போயிருக்கும்.

சின்னக் கருவிகளும் அப்படியே. உழைத்துச் செலவழிப்பதைவிட, சும்மா இருந்து செலவழிப்பதுதான் அதிகம்.

* * *

முதலில் சம்பளம் கொடுக்கிற முதலாளியைப் பற்றி இரண்டு வார்த்தை.

இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருப்பது லித்தியம் அயான் பாட்டரி. 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியத்தை வைத்து ஆரம்பித்தார். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் அதற்குக் கோபால்ட் ஆக்ஸைடு என்ற நல்ல கூட்டாளியைக் கண்டுபிடித்தார். 1985-ல் ஜப்பானில் அகிரா யோஷினோ, அடிக்கடி தீப்பிடித்துப் பயமுறுத்தாத ஒரு மாதிரியைச் செய்து காட்டினார். 1991-ல் ஸோனி கம்பெனி அதைக் கடைக்குக் கொண்டு வந்தது. மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு. அப்போது குட்இனஃப்புக்கு வயது 97. நோபல் வாங்கியவர்களிலேயே வயதில் மூத்தவர். நூறு வயது பார்த்துவிட்டு 2023-ல் காலமானார். நீண்ட நாள் உழைப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது!

இந்தப் பாட்டரிக்கு இரண்டு எல்லைகள். வழக்கமான ரகத்தில் ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். 3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் பட்டினி. மேல் எல்லையைத் தாண்டினால் கோபம் வரும். சில சமயம் நெருப்பாக. கீழ் எல்லைக்கு ரொம்பக் கீழே போனால் படுத்த படுக்கையாகிவிடும். அதனால் 4.2 என்றால் 4.2-தான். அரை சதவிகிதம், ஒரு சதவிகிதத்துக்கு மேல் பிசகு கூடாது.

சார்ஜ் ஏற்றுவது எப்படி? காலை நேரத்து டவுன் பஸ்ஸைப் பாருங்கள். டிப்போவிலிருந்து காலியாக வருகிற பஸ்ஸில் ஜனங்கள் திமுதிமுவென்று ஏறுவார்கள். முக்கால்வாசி நிறைந்த பிறகு, 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று ஒவ்வொருவராகத்தான் நுழைக்க முடியும். பாட்டரியிலும் முதலில் ஒரே சீரான கரண்டை வேகமாக ஏற்றுவோம். 4.2 வோல்ட் வந்ததும் வோல்டேஜை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டால், கரண்ட் தானாகக் குறைந்துகொண்டே வரும். ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று மெலிந்ததும் 'போலாம் ரைட்!' உங்கள் போன் எண்பது சதவிகிதம் வரை ஓடி வந்து, கடைசி இருபதுக்கு நொண்டியடிப்பது இதனால்தான். சார்ஜரைத் திட்டாதீர்கள். படிக்கட்டில் கூட்டம்.

* * *

சும்மா இருக்கிற செலவு என்றேனே, அதற்கு ஒரு உதாரணம்.

எங்களிடம் ஒரு தடவை ஒரு சின்னக் கருவி வந்தது. மருந்துகளை ஐஸ் பெட்டியில் வைத்து ஊர் ஊராக அனுப்புவார்கள் இல்லையா, அந்தப் பெட்டிக்குள் கிடந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெப்பநிலையைக் குறித்து வைக்க வேண்டும். உள்ளே இருப்பது பொத்தான் மாதிரி ஒரு செல். சிஆர் 2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். அது ஏதோ ரகசிய எண் என்று நினைக்காதீர்கள். 20 மில்லி மீட்டர் அகலம், 3.2 மில்லி மீட்டர் தடிமன், அவ்வளவுதான். கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. அதாவது ஒரு மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் 220 மணி நேரம் வரும்.

வேறொரு கம்பெனி போட்ட டிசைன் அது. இரண்டு வருஷம் வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாசத்தில் படுத்துக்கொண்டது. மருந்து கெட்டதா, நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டிய சாட்சியே பாதி வழியில் மயக்கம் போட்டுவிட்டால், பெட்டி முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மீட்டரை மாட்டிப் பார்த்தேன். கருவி விழித்தெழுந்து வெப்பநிலையைப் பார்த்து, எழுதிவைத்துவிட்டு மறுபடி தூங்க 20 மில்லி செகண்ட். அப்போது 5 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. பத்து நிமிஷத்துக்குச் சராசரி போட்டால் 0.17 மைக்ரோ ஆம்பியர்தான் வருகிறது. ஒரு மில்லி ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோ. அதிலும் ஆறில் ஒரு பங்கு! தூங்கும்போது அந்தச் சிப் 2 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது. பார்த்தீர்களா விஷயத்தை? வேலைக்கு 0.17, தூக்கத்துக்கு 2. பன்னிரண்டு மடங்கு! எங்கள் ஆபீஸில் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார், பெயர் வேண்டாம்.

சரி, இரண்டையும் கூட்டினாலும் பல வருஷம் வர வேண்டுமே? ஏன் இரண்டு மாசம்? குற்றவாளி கடைசியில் மாட்டினான். பாட்டரியில் எவ்வளவு வோல்ட் பாக்கி என்று பார்ப்பதற்காக, இரண்டு ரெஸிஸ்டரைப் பாட்டரிக்குக் குறுக்கே நிரந்தரமாகக் கட்டிவைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 10 கிலோ ஓம். அவை வழியாக ராப்பகலாக 150 மைக்ரோ ஆம்பியர் ஒழுகிக்கொண்டிருந்தது. 220-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், அறுபது நாள்! பணப்பெட்டியில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணிச் சொல்ல ஒரு ஆளை வேலைக்கு வைத்து, அவன் சம்பளத்திலேயே பெட்டி காலியான கதை.

அதே இடத்தில் ஒரு மெகா ஓம் ரெஸிஸ்டர் இரண்டு போட்டால் ஒழுகுவது 1.5 மைக்ரோ ஆம்பியர்தான். பார்க்கும்போது மட்டும் திறந்துவிட ஒரு குட்டி ஸ்விட்ச் வைத்தால் அதுவும் மிச்சம். ரெஸிஸ்டர் விலை இரண்டுக்கும் ஒன்றேதான், பைசாக் கணக்கு. கருவியின் ஆயுள் மட்டும் மாசத்திலிருந்து வருஷத்துக்கு மாறிவிட்டது.

* * *

இனி கண்டக்டர் கதை.

மலைப் பாதையில் ஓடும் ஒரு தனியார் பஸ் கம்பெனி. முன்பு யாரிடமோ வாங்கிய டிக்கெட் மெஷின்கள் மக்கர் பண்ணுகின்றன. புதிதாக வேண்டும் என்று எங்களிடம் வந்தார்கள். 'என்ன மக்கர்?' என்று கேட்டால், 'முதல் டிரிப்பிலும் கடைசி டிரிப்பிலும் செத்துப் போகுது, நடுவுல நல்லா இருக்கு' என்றார் முதலாளி. வியாதியே விசித்திரமாக இருந்தது. 'நேரில் பார்த்துவிட்டு வா' என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பர் மாசம். காலை ஐந்தரை மணி பஸ். ஐந்து டிகிரிக் குளிர். கண்டக்டர் காதை மூடி மஃப்ளர் கட்டியிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். டிக்கெட் மெஷினைத் தோல் பையில் காணோம்.

'மெஷின் எங்கண்ணே?' என்றேன்.

ஸ்வெட்டருக்குள் கையை விட்டு எடுத்தார். 'கக்கத்துல வெச்சிருக்கனுங்க தம்பி. வெளிய வெச்சா டிக்கெட் அடிக்கறப்பவே செத்துப் போகுதுங்க. இப்படிச் சூடா வெச்சுக்கிட்டா வேலை செய்யுது.'

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. குளிரில் பாட்டரிக்குள் தடை அதிகமாகிறது என்று நான் நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படித்ததை, இவர் கக்கத்தில் வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்.

'செத்துப் போனா என்ன, திரும்ப ஆன் பண்ணி அடிக்க வேண்டியதுதானே?' என்றேன்.

'அடிக்கலாமுங்க. ஆனா பாதி அடிச்ச டிக்கெட்டும் கணக்குல ஏறிப்போயிருது. பாதி டிக்கெட்டை வெச்சுட்டு எந்த மவராசன் காசு குடுப்பான்? இன்னொண்ணு அடிக்கணும். ராத்திரி கணக்கு ஒப்படைக்கறப்ப எம்பது ரூபா, நூறு ரூபா குறையுதுங்க. யாரு குடுக்கறது? நாந்தான்.'

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு, 'டிக்கெட், டிக்கெட்' என்று நகர்ந்துவிட்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். பாட்டரியில் ஒரு வோல்ட் குறைந்தால் ஒரு மனுஷனின் சாப்பாட்டில் கை வைக்கிறது என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

அந்த மெஷின் டிக்கெட் அடிக்கிற விதத்தைச் சொல்கிறேன். மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கிற பேப்பர். அதன் மேல் 384 குட்டிப் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. கறுப்பு வேண்டிய இடத்துப் புள்ளியைச் சூடாக்கினால் எழுத்து வரும். ஒரு புள்ளிக்குச் சுமார் 40 மில்லி ஆம்பியர். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சூடாக்கினால் 15 ஆம்பியர்! உள்ளங்கை மெஷின் எங்கே போகும்? அதனால் 64, 64 புள்ளிகளாக ஆறு பந்தியாகப் பரிமாறுவார்கள். அப்படியும் ஒரு பந்திக்கு இரண்டரை ஆம்பியர்.

உள்ளே இரண்டு செல், சேர்ந்து 7.4 வோல்ட். ஆறு வோல்ட்டுக்குக் கீழே போனால் மெஷின் அணைந்துவிடும். புதுப் பாட்டரிக்குள் இருக்கிற தடை 0.15 ஓம் என்று வையுங்கள். இரண்டரை ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட்கூடக் குறையாது. அதே பாட்டரிக்கு இரண்டு வயசாகி, ஐந்து டிகிரிக் குளிரும் சேர்ந்தால் தடை 0.6 ஓம். இப்போது சட்டென்று ஒன்றரை வோல்ட் இறங்கும். 7.3-லிருந்து 5.8! மெஷின் மயக்கம். பாட்டரிக்குள் சார்ஜ் நிறைய இருக்கும். எடுத்துத் தரத்தான் தெம்பு இருக்காது. பாங்க்கில் பணம் இருக்கிறது, வாசலில் வரிசை நகரவில்லை என்கிற மாதிரி.

இது கண்டக்டர் மெஷினுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி, பழைய ஐஃபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக ஒப்புக்கொண்டதே, காரணம் இதுதான். வயசான பாட்டரியால் திடீர்ச் சுமையைத் தாங்க முடியாமல் போன் அணைந்துவிடும். அணையாமல் இருக்க வேகத்தைக் குறைத்தோம் என்றார்கள். செய்தது சரி என்றே வைத்துக்கொண்டாலும், வாங்கினவனிடம் சொல்லாமல் செய்ததில்தான் வம்பு வந்தது.

எங்கள் புது மெஷினுக்கு மூன்று சட்டம் போட்டேன். ஒன்று, டிக்கெட் அடிக்கும் முன் ஒரு கண நேரம் சுமை கொடுத்து, வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று ஒத்திகை பார்த்துவிடு. ரொம்ப இறங்கினால் 64-க்குப் பதில் 32 புள்ளிகளாகப் பரிமாறு. டிக்கெட் அரை செகண்ட் லேட்டாக வரும், மெஷின் சாகாது. இரண்டு, சிம் கார்டு வழியாக டவரோடு பேசும்போது டிக்கெட் அடிக்காதே. பழைய செல்போன் பக்கத்தில் இருந்தால் டிவி ஸ்பீக்கர் 'டிடிக் டிடிக்' என்று அலறுமே, நினைவிருக்கிறதா? அது செகண்டுக்கு 217 தடவை போன் குபுக் குபுக்கென்று கரண்ட் இழுக்கிற சத்தம். ஒவ்வொரு இழுப்பும் இரண்டு ஆம்பியர் வரை போகும். கல்யாணத்தையும் காது குத்தலையும் ஒரே மாசத்தில் வைத்தால் எந்தச் சம்பளம் தாங்கும்? மூன்று, பேப்பர் முழுசாக வெளியே வந்த பிறகுதான் டிக்கெட் கணக்கில் ஏற வேண்டும்.

மூன்றாவதற்கும் பாட்டரிக்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் மேனேஜர் சொன்னார். கண்டக்டரின் பாக்கெட்டுக்குச் சம்பந்தம் உண்டு என்று சொன்னேன். சேர்த்துவிட்டார்கள்.

* * *

காலை டிரிப் முடிந்தது. கடைசி டிரிப் ஏன் சாகிறது?

மறுபடி பட்ஜெட் நோட்டு. பழைய மெஷின் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓடுகிறது. எண்ணூறு டிக்கெட். ஒரு டிக்கெட்டுக்கு அரை மில்லி ஆம்பியர்-மணி, மொத்தம் 400. இது உழைப்புச் செலவு. டிக்கெட் அடிக்காத நேரத்திலும் மெஷின் முழுசாக விழித்துக்கொண்டு, திரையில் விளக்கெரிய, 40 மில்லி ஆம்பியரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பதினாலு மணிக்கு 560! டவரோடு ஓயாமல் 'இருக்கியா, இருக்கியா' என்று கேட்டுக்கொண்டிருப்பதில் இன்னொரு 420. ஆக 1,380. புதுசில் பாட்டரி 2,200, கவலையில்லை. தினம் வெயிலிலும் குளிரிலும் அடிபட்டு இரண்டு வருஷத்தில் அது 1,320-க்கு வந்துவிட்டது. அறுபது குறைகிறது. அந்த அறுபதுதான் கடைசி டிரிப்.

பெரிய செலவு டிக்கெட்டில் இல்லை, பாருங்கள். காத்துக்கொண்டிருப்பதில் இருக்கிறது.

கரண்ட்டை இறக்கிக் கொடுக்கிற இடத்திலும் ஓட்டை. 7.4 வோல்ட்டை 3.3-ஆக்க மட்டமான வழி ஒன்று உண்டு. மிச்சத்தைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுவது. நூறு ரூபாய் நோட்டை நீட்டி, 45 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக்கொண்டு, பாக்கியைக் கடையிலேயே விட்டு வருகிற மாதிரி. ஒரு சுருளையும் ஒரு ஸ்விட்ச்சையும் வைத்துப் படபடவென்று திறந்து மூடி இறக்கினால் 90 ரூபாய்க்காவது சாமான் கிடைக்கும். அதைப் போட்டோம். பொத்தானை அழுத்தாத நேரத்தில் மெஷினைக் குட்டித் தூக்கம் போட வைத்தோம். விரல் பட்டதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் எழுந்துவிடும். டவரோடு பேசுவதை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆக்கினோம். சும்மா இருக்கிற செலவு 560-லிருந்து 112. டவர்ச் செலவு 420-லிருந்து 140. டிக்கெட் செலவு அதே 400. மொத்தம் 652. பாதிக்கும் கீழே! அதிகமாக ஒரு செல்கூடச் சேர்க்கவில்லை.

அடுத்தது அந்தச் சதவிகிதம். 'நாப்பதுன்னு காட்டுமுங்க தம்பி, அடுத்த டிக்கெட்டுல செத்துப் போகும்' என்றார் கண்டக்டர். லித்தியம் பாட்டரியின் முகத்தைப் பார்த்து வயிற்றைச் சொல்ல முடியாது. ஆரம்பத்திலும் கடைசியிலும்தான் வோல்டேஜ் வேகமாக இறங்கும். நடுவில் நெடுநேரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வோல்டேஜை மட்டும் வைத்துச் சதவிகிதம் சொல்வது கிளி ஜோசியம். ஒழுங்கான வழி மளிகைக்கடை நோட்டு. போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் ஒரு நுணுக்கமான ரெஸிஸ்டர் வழியாக அளந்து, வரவு செலவு எழுதிக்கொண்டே வர வேண்டும். பாட்டரி முழுசாக நிறையும்போதும் காலியாகும்போதும் நோட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும். வயசாக ஆக மொத்தக் கொள்ளளவு குறைவதையும் குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதையும் செய்தோம். செய்தபின் ஒரு யோசனை. 'நாற்பது சதவிகிதம்' என்றால் கண்டக்டருக்கு என்ன புரியும்? எதில் நாற்பது? அதனால் திரையில் 'இன்னும் 460 டிக்கெட்' என்று காட்டச் சொன்னேன். அதுதான் அவர் பாஷை. எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே வந்தால், டெர்மினஸில் பத்து நிமிஷம் சார்ஜில் போட்டுக்கொள்வார்.

* * *

நம் வேலையில் பாதி, 'முடியாது' என்று சொல்வதுதான். அதை யாரும் இன்டர்வியூவில் சொல்வதில்லை.

பஸ் முதலாளிக்கு டிக்கெட்டின் உச்சியில் தன் கம்பெனிச் சிங்கம் வேண்டும். சின்னதாக இல்லை, முழுக் கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளைச் சிங்கம். கறுப்பு என்றால் 384 புள்ளியும் எரிய வேண்டும், வரிக்கு வரி. 'ஸார், இந்தச் சிங்கம் ஒரு டிக்கெட்டில் கால்வாசிக் கரண்டைத் தின்கிறது' என்று அளந்து காட்டினேன். ரொம்ப நேரம் யோசித்தார். 'சிங்கம் வேணும், கறுப்பு வேண்டாம்' என்றார். கோட்டுச் சித்திரமாக்கினோம். சிங்கம் இளைத்தது, பாட்டரி பிழைத்தது.

அடுத்து எங்கள் மார்க்கெட்டிங் நண்பர் வந்தார். 'எல்லாரும் கலர் டிஸ்ப்ளே போடறாங்க. நாமளும் போடணும்.'

அவருக்கு ஒரு கதை சொன்னேன். 1989-ல் நின்டென்டோ கம்பெனி கேம் பாய் என்று ஒரு கையடக்க விளையாட்டுக் கருவி போட்டது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் குன்பெய் யோகோய். கலர் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்குகூடக் கிடையாது. பச்சை கலந்த மங்கலில் நிழலாகத் தெரியும். நாலு பென்ஸில் செல் போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். மறு வருஷமே ஸேகா கம்பெனி கேம் கியர் என்று போட்டி விட்டது. பளபளவென்று கலர், விளக்கு எல்லாம். ஆறு செல், மூணு நாலு மணி நேரத்தில் கோவிந்தா! கேம் கியர் சுமார் ஒரு கோடி விற்றது. கேம் பாய், பின்னால் வந்த அதன் கலர்த் தம்பியையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல். விலை, விளையாட்டுகள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அப்பாவிடம் தினம் செல்லுக்குக் காசு கேட்கிற பையனின் கஷ்டம் யோகோய்க்குப் புரிந்திருக்கிறது.

நண்பர் கதையை ரசித்துக் கேட்டுவிட்டு, 'அப்ப அந்த விளையாட்டையும் இதுல போடலாமா?' என்றார்.

கடைசியாகப் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். அதே 2,600 என்று லேபிள் ஒட்டிய செல், ஒன்றுக்கு நாற்பது ரூபாய் குறைவாக ஒருவர் தருகிறாராம். 'ஒரிஜினல் ஸார்' என்று சத்தியம் வேறு. சாம்பிள் வாங்கி இறக்கி அளந்தேன்; 1,480. கையில் தூக்கினாலே தெரிந்தது. அந்த அளவு நல்ல செல் 45 கிராமாவது இருக்கும். இது காற்றாடி மாதிரி. சந்தையில் 9,900 என்றெல்லாம் லேபிள் ஒட்டி அதே சைஸ் செல் கிடைக்கிறது. உலகத்தின் நல்ல கம்பெனிகள் அந்த உருளைக்குள் பெரும்பாலும் 3,500 சுற்றித்தான் அடைக்கிறார்கள். 9,900 அடைக்கிறவர் நோபல் வாங்காமல் பிளாட்பாரத்தில் ஏன் நிற்கிறார்?

கொள்ளளவு குறைந்தால் கடைசி டிரிப் போகும், அதோடு போயிற்று. உள்ளே தயாரிப்பு சுத்தமில்லாவிட்டால் நெருப்பு. 2007-ல் நோக்கியா தன் போன்களில் இருந்த 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகளை மாற்றித் தருவதாக அறிவித்தது, சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று. நம்மூரில் பலர் போனின் முதுகைக் கழற்றிப் பார்த்தது ஞாபகம் இருக்கலாம். 2016-ல் ஸாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்து, இரண்டே மாசத்தில் தயாரிப்பே நின்றது. ஒரு ரகத்தில் பாட்டரியின் மூலை நசுங்கி உள் தகடு வளைந்திருந்தது. மாற்றாகத் தந்த இன்னொரு ரகத்தில் வெல்டிங் பிசிறு. அத்தனை பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

அதனால்தான் செல்லின் தலைமாட்டில் ஒரு காவல்காரச் சிப் வைக்கிறோம். அளவுக்கு மீறிச் சார்ஜ், அளவுக்கு மீறி வடிதல், ஷார்ட் எதுவானாலும் கதவைச் சாத்திவிடும். பக்கத்தில் வெப்பம் பார்க்க ஒரு குட்டி உணரி. பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும், 45-க்கு மேலேயும் சார்ஜ் ஏற்றவிடக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியதும் சுலபம்: தலையணைக்கு அடியில் போனைச் சார்ஜ் போடாதீர்கள். பாட்டரி உப்பிவிட்டால் குத்திப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். நாள் கணக்கில் நூறிலேயே, அதுவும் சூட்டில், வைத்திருக்காதீர்கள். இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்தான் அதற்கு நிம்மதி. மனுஷனுக்கும் அப்படித்தானே!

நாற்பது ரூபாய் செல்லை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பர்ச்சேஸ்காரர் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. கக்கத்தில் மெஷினைச் செருகிக்கொண்டு நிற்கிற ஒரு ஆளை நான் பார்த்திருக்கிறேன், அவர் பார்த்ததில்லை. வேறொன்றும் வித்தியாசமில்லை.

புது மெஷின்கள் போய் ஆறு மாசம் கழித்து ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன். கண்டக்டர்தான்.

'தம்பி, இப்பத்தான் கடைசி டிரிப் முடிச்சனுங்க. மெஷின் 'இன்னும் 310 டிக்கெட்'னு காட்டுது.'

'சந்தோஷம்ணே! ஏதாவது பிரச்னையா?'

'மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. ஏறுறதுக்குத்தான் ஆளில்லை. அதுக்கு ஏதாச்சும் சர்க்யூட் இருக்குதுங்களா?'